ஓட்டு யாருக்கு, ஆட்சி யாருக்கு?
ஜனாதிபதி ஆட்சியிலும் பாராளுமன்ற ஆட்சியிலும் தேர்தல் முறைகள் – ஓர் ஒப்பு நோக்கு

பெங்களூரில் அல்சூரை ஒட்டி அமைந்துள்ள மர்பி டவுன், நகரின் கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்தது. 1947 ஜூலையில் மைசூர் அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்படும் வரை இப்பகுதி ‘சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகத்தில் இருந்து வந்தது. அந்நாளிலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள வாக்காளர் ஒருவருக்கு நம் அரசியலமைப்பும் சட்டங்களும் மூன்று நேரடி ஓட்டுகளை அளித்துள்ளன. லோக் சபைக்கு ஒன்று, கர்நாடக சட்டமன்றத்துக்கு ஒன்று, மாநகராட்சி வார்டுக்கு ஒன்று. ஆனால், பிரதம மந்திரி யார், முதலமைச்சர் யார், மேயர் யார் என்று கேட்கும் ஓட்டுச் சீட்டு எதுவும் அவர் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அம்மூவரையும் முடிவு செய்கிறவர்கள், அவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளே ஆவர்.

யாழ்ப்பாணத்து வாக்காளரின் நிலை வேறு. நாட்டின் நிர்வாகத் தலைவர் யார் என்பதற்கு அவர் தனியாக ஓர் ஓட்டளிக்கிறார். பாராளுமன்றத்துக்கு வேறொரு நாளில், வேறொரு முறையில் ஓட்டளிக்கிறார். சிகாகோவில் உள்ளவருக்கும் ஏறக்குறைய அவ்வாறே. ஜனாதிபதி ஆட்சி, பாராளுமன்ற ஆட்சி என்ற இரு வகைகளின் வேறுபாடு வாக்காளரின் கைக்கு வந்து சேரும் இடம் இதுதான்.

சொல் குறித்து முதலிலேயே ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் ‘ஜனாதிபதி ஆட்சி’ என்றதும் 356ஆவது பிரிவின் கீழ் மாநில அரசு நீக்கப்படுவதே பலரின் நினைவுக்கு வரும். தேர்வு விடைத்தாள்களில் இக்குழப்பம் நேரக்கூடும். இங்குப் பேசப்படுவது அதுவன்று. நிர்வாகத்தின் தலைவர் சட்டமன்றத்தின் நம்பிக்கையைச் சார்ந்திராமல், மக்களால் குறித்த காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பே இங்கு ஜனாதிபதி ஆட்சி எனப்படுகிறது.

இரண்டு கேள்விகள்

இப்பொருளைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. அரசாங்கத்தின் தலைவர் எவ்வாறு பதவிக்கு வருகிறார், எவ்வாறு பதவியில் நீடிக்கிறார் என்பது ஒன்று. மக்கள் அளித்த ஓட்டுகள் எவ்வாறு இடங்களாக மாற்றப்படுகின்றன என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு ஒரு நாடு தரும் விடை, இரண்டாவதற்கு அது தரவேண்டிய விடையைத் தீர்மானித்து விடுவதில்லை. பிரிட்டனும் இந்தியாவும் பாராளுமன்ற ஆட்சியுடன், அதிக ஓட்டுப் பெற்றவரே வென்றவர் என்ற எளிய முறையைக் கொண்டுள்ளன. ஜெர்மனியில் ஆட்சி பாராளுமன்ற வகையே. எனினும் இடங்கள் கட்சிகளின் ஓட்டு விகிதத்தை ஒட்டியே அமைகின்றன. அமெரிக்கா ஜனாதிபதி ஆட்சியுடன், காங்கிரஸ் சபைக்கு எளிய பெரும்பான்மை முறையைப் பின்பற்றுகிறது. பிரேசிலோ ஜனாதிபதி ஆட்சியுடன் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை இணைத்துக்கொண்டது.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது எளிதில் விளங்கும். 100 வாக்காளர்கள் உள்ள ஒரு கற்பனை ஊரில் அ, ஆ, இ என்ற மூன்று வேட்பாளர்கள் நிற்பதாகக் கொள்வோம். அவர்கள் முறையே 40, 35, 25 ஓட்டுகள் பெறுகிறார்கள். எளிய பெரும்பான்மை முறையில் ‘அ’ வென்றுவிட்டார். முதல் இருவருக்கிடையே மீண்டும் தேர்தல் நடத்தப்பட்டு, ‘இ’யின் ஆதரவாளர்களில் 20 பேர் ‘ஆ’வுக்கும் 5 பேர் ‘அ’வுக்கும் ஓட்டளித்தால், ‘ஆ’ 55 ஓட்டுகளுடன் வெற்றி பெறுகிறார். மனம் மாறியவர் ஒருவருமில்லை. விதி மட்டுமே மாறியது.

இதே விகிதம் 20 தொகுதிகள் கொண்ட ஒரு சபைக்குப் பொருந்துவதாக வைத்துக்கொண்டால் வேறொன்றும் புலப்படும். மூன்று தரப்பினரும் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே சீராகப் பரவியிருந்தால், எளிய பெரும்பான்மை முறையில் 20 இடங்களும் ‘அ’ கட்சிக்கே சென்றுவிடும். விகிதாசார முறையில் 8, 7, 5 என்று பிரியும். இருவர் சேர்ந்தாலன்றி அரசாங்கம் அமையாது. ‘இ’ கட்சியின் ஆதரவாளர்கள் எங்கும் சிதறாமல் 5 தொகுதிகளில் மட்டும் செறிந்து வாழ்ந்தால், எளிய பெரும்பான்மை முறையிலும் அக்கட்சிக்கு 5 இடங்கள் கிடைத்துவிடும். ஆகவே, எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதோடு அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. மொழியாலோ சமயத்தாலோ சிறுபான்மையினராக உள்ளவர்களுக்கு இது ஏட்டுப் பாடமன்று.

தமிழ்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2014 லோக் சபைத் தேர்தலில் பாதிக்கும் குறைவான ஓட்டுகளுடன் அ.இ.அ.தி.மு.க. மாநிலத்தின் 39 இடங்களில் 37ஐப் பெற்றது. 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை.

அரசியல் நிர்ணய சபையின் தேர்வு

இந்தியா தன் பாதையைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிடவில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியலமைப்பின் நகலை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், மக்களாட்சியின் நிர்வாகத்துக்கு நிலைத்த தன்மை, பொறுப்புடைமை ஆகிய இரண்டும் தேவை என்றும், இரண்டையும் ஒரே அளவில் தரும் அமைப்பு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் விளக்கினார். அமெரிக்க முறை நிலைத்த தன்மையை மிகுதியாகத் தருகிறது; பிரிட்டிஷ் முறை பொறுப்புடைமையை மிகுதியாகத் தருகிறது. முன்னதில் நிர்வாகத்தின் கணக்கைத் தேர்தல் வரும்போது மக்கள் பார்க்கிறார்கள். பின்னதில் கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் வாயிலாகச் சபை உறுப்பினர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். நாள்தோறும் நடைபெறும் சோதனையே இந்தியாவுக்கு ஏற்றது என்பது நகல் குழுவின் முடிவு.

இடங்களைப் பங்கிடும் முறை பற்றியும் வாதம் எழாமல் இல்லை. 1949 ஜனவரியில் காஜி சையத் கரிமுத்தீன் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கோரித் திருத்தம் கொண்டுவந்தார். எழுத்தறிவு குறைந்த நாட்டில் அத்தகைய ஓட்டு முறை நடைமுறைக்கு ஒவ்வாது என்பதும், சபை பல சிறு குழுக்களாகப் பிளவுபட்டால் அமைச்சரவை நிலைக்காது என்பதும் அம்பேத்கரின் மறுமொழி. முதற் காரணத்தின் வலுவை 1951 மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. அன்று எழுத்தறிந்தோர் 18 சதவீதத்தினரே. முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. விருப்ப வரிசையை எண்ணால் குறிக்கச் சொல்வது அன்று இயலாத காரியம். இன்று முதற் காரணம் பெருமளவு வலுவிழந்துவிட்டது. இரண்டாவது காரணம் இன்னும் விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது.

கர்நாடகம் கற்பித்த கணக்கு

நாள்தோறும் நடைபெறும் சோதனை என்றால் என்ன என்பதை மர்பி டவுன் வாக்காளர் 2018 மே முதல் 2019 டிசம்பர் வரை தம் மாநிலத்திலேயே காண நேர்ந்தது. 2018 மே மாதம் 222 தொகுதிகளுக்கு நடந்த தேர்தலில் காங்கிரஸ் கட்சி ஏறத்தாழ 38 சதவீத ஓட்டுகளுடன் 78 இடங்களைப் பெற்றது. பாரதீய ஜனதா கட்சி ஏறத்தாழ 36 சதவீத ஓட்டுகளுடன் 104 இடங்களைப் பெற்றது. மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 37 இடங்கள். அதிக ஓட்டுப் பெற்ற கட்சி ஒன்று. அதிக இடம் பெற்ற கட்சி மற்றொன்று. முதலமைச்சர் பதவி இறுதியில் சென்றதோ மூன்றாவது கட்சிக்கு. மே 17 அன்று பதவியேற்ற பி.எஸ். எடியூரப்பா, பெரும்பான்மையை நிரூபிக்க இயலாத நிலையில் மே 19 அன்று விலகினார். 37 உறுப்பினர்களின் தலைவரான எச்.டி. குமாரசாமி காங்கிரஸ் ஆதரவுடன் மே 23 அன்று பதவியேற்றார். பதினான்கு மாதங்களுக்குப் பின், 2019 ஜூலை 23 அன்று, நம்பிக்கைத் தீர்மானத்தில் 99க்கு 105 என்ற கணக்கில் அவர் அரசு தோல்வியுற்றது.

மக்களின் தீர்ப்பு மாற்றப்பட்டுவிட்டது என்று இதைக் கண்டு சிலர் வருந்துவர். பாராளுமன்ற ஆட்சியின் இலக்கணப்படி நடந்தது அதுவன்று. மக்கள் தேர்ந்தெடுத்தது முதலமைச்சரை அன்று, சபையை. சபையின் நம்பிக்கை எவரிடம் உள்ளதோ அவரே ஆள்வதற்கு உரியவர். அந்நம்பிக்கையை அளக்கும் இடம் ஆளுநர் மாளிகையன்று, சபைக்கூடமே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்ததும் ஒரு கர்நாடக வழக்கில்தான். 1989 ஏப்ரலில் நீக்கப்பட்ட முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் பெயரால் அவ்வழக்கு வழங்கி வருகிறது.

எனினும் வருத்தத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2019இல் ஆட்சி மாறியது, சபை விவாதத்தால் உறுப்பினர்கள் மனம் மாறியதால் அன்று. ஆளுங்கூட்டணியின் உறுப்பினர்கள் பலர் பதவி விலகல் கடிதம் கொடுத்ததால் ஆகும். பதினேழு பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். தகுதி நீக்கம் செல்லும், ஆயினும் இடைத்தேர்தலில் அவர்கள் போட்டியிடத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் கூறிற்று. டிசம்பரில் 15 தொகுதிகளில் தேர்தல் நடந்தது. அவற்றுள் 12ஐ பாரதீய ஜனதா கட்சி பெற்றது. மர்பி டவுனுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள சிவாஜிநகரும் அப்பதினைந்தில் ஒன்று. அங்குக் காங்கிரஸே மீண்டும் வென்றது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சி மாறுவதைத் தடுத்தது. பதவி விலகி மீண்டும் மக்களிடம் செல்வதை அதனால் தடுக்க முடியவில்லை.

2023 தேர்தல் மற்றொரு பாடத்தைத் தந்தது. பாரதீய ஜனதா கட்சியின் ஓட்டு விகிதம் ஏறத்தாழ அதே 36 சதவீதம். இடங்களோ 104லிருந்து 66 ஆகக் குறைந்தன. காங்கிரஸ் ஏறத்தாழ 43 சதவீதத்துடன் 135 இடங்களைப் பெற்றது. எளிய பெரும்பான்மை முறையில் ஒரு கட்சியின் நிலை அதன் சொந்த ஓட்டை மட்டும் பொறுத்ததன்று. எதிர்த் தரப்பின் ஓட்டு எவ்வாறு சேர்கிறது, எவ்வாறு சிதறுகிறது என்பதையும் பொறுத்தது.

ஒரே ஒரு நாற்காலி

ஜனாதிபதித் தேர்தலின் இயல்பான சிக்கல் வேறு வகையானது. பாராளுமன்றத்தில் நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. தோற்ற கட்சிக்கும் சில கிடைக்கும். ஜனாதிபதி பதவியோ ஒன்றே ஒன்று. அதைப் பங்கிட இயலாது. ஆகவே, பெரும்பான்மை இல்லாத இடத்திலும் ஒரு பெரும்பான்மையை உண்டாக்கிக் காட்டும் கடமை தேர்தல் விதியின் மேல் விழுகிறது. அவ்வாறு செய்யாமல் விட்டால் நேர்வது என்ன என்பதற்கு பிலிப்பைன்ஸ் சான்று. அங்கு 1992இல் ஏழு வேட்பாளர்கள் போட்டியிட்டனர். 24 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டுப் பெற்ற பிடல் ராமோஸ் ஆறு ஆண்டுகளுக்கு ஜனாதிபதியானார்.

பிரான்ஸ் இரு சுற்றுத் தேர்தலை மேற்கொண்டது. முதற் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் மட்டும் இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் போட்டியிடுவர். இம்முறையும் குறையற்றதன்று. 2002இல் 16 பேர் நின்றனர். இடதுசாரி ஓட்டுகள் பலவாறாகச் சிதறிய நிலையில், பதவியிலிருந்த பிரதமர் ஜோஸ்பன் 16.2 சதவீதம் பெற்று மூன்றாம் இடத்துக்குச் சென்றார். இறுதிச் சுற்றுக்கு அவர் வரவே இயலவில்லை. முதற் சுற்றில் 20 சதவீதத்தைக்கூட எட்டாத சிராக், இரண்டாம் சுற்றில் 82 சதவீதம் பெற்றார். அந்த 82 சதவீதத்தில் அவரை விரும்பியவர் எத்தனை பேர், எதிராளியை வெறுத்தவர் எத்தனை பேர் என்று ஓட்டுப்பெட்டி சொல்லாது.

அமெரிக்க முறை தனி ரகம். அங்கு மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதாகப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், முடிவு செய்வது 538 தேர்வாளர்களே. 270 பேரின் ஓட்டைப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். பெரும்பாலான மாநிலங்களில் ஓர் ஓட்டு வித்தியாசத்தில் வென்றாலும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் வென்றவருக்கே. 2000இல் அல் கோர் நாடெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் அதிகம் பெற்றும், புளோரிடாவில் 537 ஓட்டுகளில் தோற்றதனால் ஜனாதிபதியாகவில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் பெற்றும் தோற்றார்.

இரண்டு முறைகளின் நலன்களையும் ஒன்றுசேர்க்க முயன்ற நாடு இஸ்ரேல். பாராளுமன்ற ஆட்சியை வைத்துக்கொண்டே பிரதமரை மட்டும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்று அங்குச் சட்டம் செய்யப்பட்டு, 1996, 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே தேர்தல் நடந்தது. பிரதமரின் கை வலுப்படும், சிறு கட்சிகளின் பேரம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. பிரதமருக்கு ஒரு பெரிய கட்சித் தலைவரையும், பாராளுமன்றத்துக்குத் தம் மனத்துக்கு உகந்த சிறு கட்சியையும் ஆதரிக்கும் வசதி வாக்காளருக்குக் கிடைத்துவிட்டது. 1992இல் 120 இடங்களில் 76ஐக் கொண்டிருந்த இரு பெரிய கட்சிகள், 1999இல் இரண்டும் சேர்ந்து 45 இடங்களுக்கு இறங்கின. 2001லேயே அச்சட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேசுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயன் தரும்.

இலங்கை: இரண்டையும் கண்ட நாடு

ஒரே நாடு, ஒரே மக்கள், இரண்டு ஆட்சி முறைகள், இரண்டு ஓட்டு முறைகள் என்று ஆய்வாளர் தேடும் நிலை இலங்கையில் வாய்த்திருக்கிறது. 1978 வரை அந்நாட்டில் பிரிட்டிஷ் பாணிப் பாராளுமன்ற ஆட்சியும் எளிய பெரும்பான்மை முறையும் இருந்தன. அவற்றின் விளைவுகள் கடுமையானவை. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத ஓட்டுகள் பெற்று 17 இடங்களோடு நின்றது. ஏறத்தாழ 37 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு, கூட்டணிப் பங்கீட்டின் துணையுடன், 91 இடங்கள் கிடைத்தன. 1977இல் சக்கரம் சுழன்றது. 51 சதவீதத்தை ஒட்டிய ஓட்டுடன் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களைக் கைப்பற்றியது.

அத்தேர்தலில் நிகழ்ந்த இன்னொரு செய்தி தமிழ் வாசகருக்கு முக்கியமானது. நாடு முழுவதும் 29 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பெற்ற சுதந்திரக் கட்சி 8 இடங்களையே பெற்றது. 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களைப் பெற்று, அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வடக்கிலும் கிழக்கிலும் அக்கட்சியின் ஆதரவு செறிந்திருந்ததே காரணம். முன்னர்ச் சொன்ன கற்பனைக் கணக்கில் ‘இ’ கட்சி பெற்ற ஐந்து இடங்கள் இங்கு மெய்யாயின. ஆனால், எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிட்டியதே தவிர, ஆறில் ஐந்து பங்கு இடங்களை வைத்திருந்த ஆளுங்கட்சிக்கு எவருடைய இசைவும் தேவைப்படவில்லை. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டுதான் 1978இன் அரசியலமைப்பு இயற்றப்பட்டது.

புதிய அமைப்பில் ஜனாதிபதி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்கள் அவ்விருவருக்கும் சேர்க்கப்படும். பிரான்சின் இரண்டாம் சுற்றை ஒரே நாளில், ஒரே சீட்டில் முடித்துவிடும் சிக்கன ஏற்பாடு இது. பாராளுமன்றத்தின் 225 இடங்களில் 196 மாவட்ட அளவில் விகிதாசார முறையிலும், 29 தேசியப் பட்டியலிலும் நிரப்பப்படுகின்றன.

நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும்போது சிறுபான்மையினரின் ஓட்டு கரைந்துவிடுமா, கனம் பெறுமா? இரண்டுக்கும் சான்று உண்டு. 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதமும் ரணில் விக்கிரமசிங்க 48.43 சதவீதமும் பெற்றனர். வித்தியாசம் ஏறத்தாழ 1 லட்சத்து 81 ஆயிரம் ஓட்டுகள். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பின் காரணமாக யாழ்ப்பாண மாவட்டத்தில் அன்று பதிவானது 1.2 சதவீதம் மட்டுமே; அம்மாவட்டத்தின் பதிவு பெற்ற வாக்காளரோ ஏறத்தாழ 7 லட்சம் பேர். 2015இல் வடக்கும் கிழக்கும் பெருவாரியாக ஓட்டளித்தன. மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் பெற்று வென்றார். தொகுதி முறையில் இம்மாவட்டங்களின் ஓட்டு அங்குள்ள இடங்களைத்தான் முடிவு செய்யும். ஜனாதிபதித் தேர்தலில் அது அளிக்கப்பட்டபோதும் நாட்டின் தலைமையை மாற்றியது; அளிக்கப்படாதபோதும் மாற்றியது என்று கருத இடமுண்டு.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றிருந்தனர். விருப்ப ஓட்டுகள் எண்ணப்பட்டபோது முன்னவருக்கு 1,05,264, பின்னவருக்கு 1,67,867 ஓட்டுகள் சேர்ந்தன. இறுதியில் 57,40,179க்கு 45,30,902 என்ற கணக்கில் திசாநாயக்க வெற்றி பெற்றார். இங்கு கவனிக்கத் தக்கது, சேர்ந்த ஓட்டுகளின் சிறுமை. மூன்றாம் இடம் பெற்றவருக்கே 22 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் கிடைத்திருந்தன. ஆனால், நீக்கப்பட்ட வேட்பாளர்களின் ஆதரவாளர்களில் மிகப் பெரும்பாலோரின் சீட்டுகளில் முதல் இருவருக்கான அடுத்த விருப்பம் இல்லை. எனவே, வென்றவரின் இறுதித் தொகையும் செல்லுபடியான மொத்த ஓட்டுகளில் பாதியை எட்டவில்லை. சட்டம் வழங்கிய வசதி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாக்காளரின் பழக்கமாகவில்லை. தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரிகள் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இது.

நிலைத்த தன்மை பற்றிய நம்பிக்கையும் இலங்கையில் சோதனைக்கு உள்ளாயிற்று. 2019இல் 52 சதவீத ஓட்டுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட கோத்தபய ராஜபக்ச, பொருளாதார நெருக்கடியும் மக்கள் கிளர்ச்சியும் மூண்ட நிலையில் 2022 ஜூலையில் நாட்டை விட்டுச் சென்று பதவி விலகினார். நம்பிக்கைத் தீர்மானத்தின் வழியாக அவரை அகற்ற அரசியலமைப்பில் வழியில்லை. தெருவில்தான் அது முடிவாயிற்று. எஞ்சிய காலத்துக்கு ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுத்தது. 134 ஓட்டுகளுடன் வென்ற ரணில் விக்கிரமசிங்கவின் கட்சிக்கு அச்சபையில் இருந்தது ஒரே ஓர் இடம். 37 பேரின் தலைவர் பெங்களூரில் முதலமைச்சரானது விந்தை என்போர் இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டின் விருப்ப ஓட்டு

இரண்டாம் விருப்பத்தால் ஒரு தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறு இந்தியாவுக்கும் உண்டு. நம் குடியரசுத் தலைவரைப் பாராளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் விருப்ப வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றனர். 1971 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு உறுப்பினரின் ஓட்டுக்கு மதிப்பு கணக்கிடப்படுகிறது. கர்நாடக சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் ஓட்டு 131; தமிழ்நாட்டில் 176; உத்தரப் பிரதேசத்தில் 208. 1969 ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கட்சி கூடியபோதுதான் நீலம் சஞ்சீவ ரெட்டி அக்கட்சியின் வேட்பாளராக முடிவு செய்யப்பட்டார். முன்னாள் மைசூர் ஆளுநரான வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. அடுத்த விருப்பங்கள் சேர்ந்தபோது ரெட்டி பெரிதும் நெருங்கி வந்தார். எனினும் 4,20,077க்கு 4,05,427 என்ற அளவில் கிரியே வென்றார். இவ்வளவு நுட்பமாகத் தேர்ந்தெடுக்கப்படும் பதவி, அமைச்சரவையின் ஆலோசனைப்படி இயங்கும் பதவியாகும். சிங்கப்பூரிலும் 1993 முதல் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்கின்றனர். 2023இல் யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான தர்மன் சண்முகரத்னம் 70 சதவீத ஓட்டுடன் வென்றார். ஆயினும் அந்நாட்டை ஆள்வது பிரதமரும் அமைச்சரவையும்தான். தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டு மட்டும் ஒரு பதவியின் அதிகாரத்தை எடைபோடக் கூடாது.

மூன்றாவது ஓட்டு

பெரிய பதவிகளைப் பற்றிய இவ்விவாதம் மேயர் பதவியிலும் அப்படியே எதிரொலிக்கிறது. தமிழ்நாட்டில் 1996இலும் 2001இலும் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006இல் மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். 2011இல் மீண்டும் மக்கள். 2022இல் மீண்டும் உறுப்பினர்கள். ஒரு சிறு ஜனாதிபதி ஆட்சியும் ஒரு சிறு பாராளுமன்ற ஆட்சியும் மாறி மாறி வந்தன எனலாம். நேரடித் தேர்தலில் வென்ற மேயர் ஒரு கட்சியாகவும் மன்றத்தின் பெரும்பான்மை வேறு கட்சியாகவும் அமைந்தால் வரவு செலவுத் திட்டமே தடைபடக்கூடும்; மறைமுகத் தேர்தலில் அத்தொல்லை குறைவு, ஆனால் மேயரை மக்கள் அறிவதும் குறைவு.

பெங்களூர் மேயர் எந்நாளும் மறைமுகமாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். அதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2015 ஆகஸ்டில் 198 வார்டுகளுக்கு நடந்த தேர்தலில் பாரதீய ஜனதா கட்சி 100 இடங்களும் காங்கிரஸ் 76 இடங்களும் ஜனதா தளம் 14 இடங்களும் பெற்றன. மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒரு கட்சியினர். மேயரோ வேறு கட்சியினர். மேயர் தேர்தலில் நகரின் சட்டமன்ற, மேலவை, பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஓட்டுரிமை இருந்ததே காரணம். அம்மேயரின் பதவிக் காலமும் ஓராண்டுதான். ஓராண்டில் ஒரு வடிகால் திட்டத்தின் மதிப்பீடு கோப்பிலிருந்து வெளிவந்தாலே பெரிது.

அவ்வோராண்டை 30 மாதங்களாக நீட்டிய சட்டம் 2020இல் நிறைவேறியது. ஆனால், அதற்குள் 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. அந்நீட்டிப்பைப் பெற மேயர் எவரும் இருக்கவில்லை. ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு கூறுகிறது. வார்டு எல்லை வரையறை, இட ஒதுக்கீடு, வழக்குகள் ஆகியவற்றுக்கிடையே 2025 முடியும் வரை தேர்தல் நடைபெறவில்லை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அதுவரையிலும் அதன் பின்னரும் அவ்வாண்டு இறுதிவரை நகரை நடத்தியவர்கள் நியமனம் பெற்ற அதிகாரிகளே.

மர்பி டவுனைத் தன்னுள் கொண்ட பெங்களூர் மத்திய லோக் சபைத் தொகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ளனர். 2015இல் தேர்தல் நடந்த வார்டுகளிலோ, 2011 கணக்கின்படி சராசரியாக ஏறத்தாழ 42,000 மக்களே. முன்னர்க் கண்ட கணக்கின்படி, ஒரு வட்டாரத்தில் செறிந்து வாழும் சிறு சமூகத்தின் ஓட்டுக்கு எடை மிகுவது சிறு தொகுதியில்தான். குடிநீர்க் குழாய், சாக்கடை, தெரு விளக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பான பிரதிநிதி அங்கிருந்தே செல்கிறார். 2015 ஆகஸ்டுக்குப் பின் பத்தாண்டுகளில் மர்பி டவுன் வாக்காளர் லோக் சபைக்கு இருமுறை, சட்டமன்றத்துக்கு இருமுறை விரலில் மை வைத்துக்கொண்டார். வார்டுக்கு ஒருமுறைகூட இல்லை. 2015இல் பதினேழு வயதாயிருந்து அம்முறை ஓட்டளிக்க இயலாது போன இளைஞருக்கு, 2025 முடியும்போது வயது இருபத்தேழு.